முடியளவு இடைவெளி

கிக் பெடலில் காலை வைத்து உடம்பு எடை முழுவதையும் இறக்கினேன். பெடல் இறங்கவில்லை. ஜொகூரின் கூலாயில் மாமா வீட்டுப் போர்ச்சில், கிழிந்த கன்வாஸுக்கு அடியில் பதினெட்டு வருடமாக நின்றிருந்த ஹோண்டா சி70 அது. ‘ஜே’யில் தொடங்கும் எண் பலகையில் பாதி எழுத்து உதிர்ந்திருந்தது. மாமா பால்மரத் தோட்டத்தில் வேலை பார்த்தபோது வாங்கிய வண்டி. விடியற்கருக்கலில் வெட்டுக்குப் போனதும், பிரசவ வலி கண்ட அத்தையை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனதும், தீபாவளிச் சாமான் வாங்க டவுனுக்கு வந்து போனதும் இதில்தான். பிறகு தோட்டம் வீடமைப்புப் பகுதியானது. மாமா டவுனுக்குக் குடிவந்தார். வண்டி போர்ச்சின் மூலைக்குப் போனது.

“செத்துப் போச்சு மாமா.”

“சாகலடா தம்பி. புடிச்சிக்கிட்டு இருக்கு. விட வைக்கணும்.”

அந்தச் சொல் எவ்வளவு சரி என்பது அடுத்த ஐந்து மாதங்களில் விளங்கியது. எஞ்சின் என்றால் இரும்பும் அலுமினியமும் இறுகிய ஒரு கட்டி என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பிரித்துப் பார்த்தபோதுதான் அதன் உயிர் உலோகத்தில் இல்லை, உலோகத்துக்கும் உலோகத்துக்கும் நடுவே விட்டிருக்கும் இடைவெளிகளில் இருக்கிறது என்று தெரிந்தது. நம் தலைமுடியின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய 0.07 பங்கு. அந்த முடியை வைத்து அளக்கிற இடைவெளிகள். கைவிட்ட வண்டியில் இவை ஒவ்வொன்றாக அடைபடுகின்றன: ஒன்றைத் துரு அடைக்கிறது, ஒன்றைப் பிசின், ஒன்றைக் கரி. பழைய வண்டியை மீட்பது என்பது அவற்றைத் தேடிப் பிடித்து, பழைய அளவுக்குத் திறந்துவிடுவது.

முதலில் வண்டியின் பெயர். ஹோண்டாவின் ‘கப்’ என்ற பெயரோடு, குட்டி என்று பொருள் தரும் சீன ஒட்டான ‘சாய்’ சேர்ந்து மலேசியாவில் பிறந்த சொல் ‘கப்சாய்’. இன்று எந்த நிறுவனத்தின் சிறு வண்டியையும் மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் அப்படித்தான் அழைக்கிறார்கள். ஜப்பானில் சூப்பர் கப் விற்பனைக்கு வந்தது 1958 ஆகஸ்டில். பினாங்கில் பஸ் கழுவும் வேலையிலிருந்து உயர்ந்த லோ பூன் சியூ, ஹோண்டாவின் விற்பனை உரிமையை வாங்கி, அந்தக் குட்டி வண்டியை இந்த மண்ணுக்குக் கொண்டுவந்தார். 2017 அக்டோபரில் உலகெங்கும் உற்பத்தியான கப் வண்டிகளின் எண்ணிக்கை 10 கோடியைத் தொட்டது. எஞ்சின் பூட்டிய வேறெந்த வாகனமும் இத்தனை பிறந்ததில்லை. எங்கள் சி70 அந்த வம்சத்தில் நடுப்பிள்ளை. அதன் சிலிண்டர் 72 கனசென்டிமீட்டர். ஏறக்குறைய ஐந்து மேசைக்கரண்டித் தண்ணீர் கொள்ளும் இடம். அந்த ஐந்து கரண்டிக்குள் நடக்கும் வெடிப்புதான் மாமாவையும் அத்தையையும் ஓர் அரிசி மூட்டையையும் மேட்டில் ஏற்றியது.

எஞ்சின் ஏன் பிடித்துக்கொண்டது? ஜொகூர்க் காற்றைக் கேட்க வேண்டும். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினாலே, கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் ஒன்று இரும்பின் மேல் படிந்து துருவை விரைவுபடுத்தும். இங்கே 80க்கு மேல் போவது அன்றாடம். மூடிய எஞ்சினுக்குள் அந்த ஈரம் போகும் வழியை நினைத்தால் வியப்புத்தான். வண்டியை நிறுத்தும்போது வால்வுகளில் ஒன்று திறந்தபடி நின்றுவிட்டால் போதும். பகல் வெயிலில் சிலிண்டருக்குள் இருக்கும் காற்று விரிந்து வெளியேறுகிறது. இரவில் குளிர்ந்து சுருங்கி, மழை ஈரத்தோடு வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. ஓடாத எஞ்சின் ஒரு நாளைக்கு ஒரு மூச்சு வீதம் பதினெட்டு வருடம் மூச்சுவிட்டிருக்கிறது. துரு தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமான இடத்தைப் பிடிக்கும். பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே ஒரு முடியைக்கூடச் செருக முடியாது. அந்தச் சந்தில் துரு வீங்கினால் வெல்டிங் வைத்தது போலத்தான்.

மாமா சுத்தியலை எடுக்க விடவில்லை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, துளை வழியாக மெல்லிய எண்ணெயை ஊற்றினார். தினமும் மாலையில் கொஞ்சம். கீழே போக இடமே இல்லாத இடத்தில் எண்ணெய் எப்படிப் போகும்? விளக்குத் திரியில் எண்ணெய் மேலேறுகிறதே, அதே வித்தைதான். அறிவியலில் இதை நுண்புழை ஏற்றம் என்கிறார்கள்: மிகக் குறுகிய சந்து கிடைத்தால் திரவம் அதன் சுவர்களைப் பற்றிக்கொண்டு தானே ஊர்ந்து போகும். சந்து குறுகக் குறுக அந்த இழுப்பு வலுக்கும். ஆறாம் நாள் கிக் பெடலை மிதித்தபோது உள்ளே ‘க்ரக்’ என்று ஒரு சத்தம். ஒரு விரல்கடை இறங்கியது. நான் கத்தியதில் பக்கத்து வீட்டு நாய் குரைக்கத் தொடங்கியது.

அதன்பின் பிரித்தோம். எஞ்சினைச் சட்டத்தில் பிடித்து வைத்திருப்பவை இரண்டே நீள போல்ட்டுகள். வயர்களையும் குழாய்களையும் அவிழ்த்துவிட்டால் ஒரே ஆள் தூக்கிக்கொண்டு போய் மேசையில் வைத்துவிடலாம். ஊருக்கு ஒரு பட்டறைகூட இல்லாத இடத்திலும் இந்த வண்டி பிழைக்க வேண்டும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். ஸ்குரூக்கள்தான் என் பொறுமையைச் சோதித்தன. தலையில் கூட்டல் குறி போட்ட இந்த ஸ்குரூக்கள் கடையில் கிடைக்கும் வழக்கமான திருப்புளிக்குப் பொருந்துவது போலத் தெரியும். திருகினால் வழுக்கிக்கொண்டு தலையை மழித்துவிடும். காரணம், இவை ஜப்பானியத் தர அளவில் வெட்டப்பட்டவை. குறியின் ஆழமும் வளைவும் கொஞ்சம் வேறு. அந்தத் தரத்துக்கான திருப்புளியை வாங்கியதும், பதினெட்டு வருட ஸ்குரூ முதல் திருகிலேயே அசைந்தது. மூன்று தலைகளை மழித்த பிறகுதான் இது எனக்குத் தெரிந்தது என்பதில் இன்னமும் வருத்தம் உண்டு. வாசிப்பவர்களாவது முதலில் திருப்புளி வாங்கிக்கொள்ளுங்கள்.

சிலிண்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் சுவரில் குழிகுழியாகத் துருத் தழும்பு. பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம் 41.4 மில்லிமீட்டர், நம் கட்டைவிரல் நீளத்துக்கும் குறைவு. எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்றுச் சுற்றும்போது அந்தப் பிஸ்டன் ஒவ்வொரு வினாடியும் எட்டு மீட்டருக்கு மேல் பயணம் செய்கிறது, அதுவும் வினாடிக்கு 200 தடவை முழுதாக நின்று, திரும்பி. இப்படி உரசுகிற சுவர் கண்ணாடி போல வழவழப்பாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். லேத் பட்டறைக்காரர் சிரித்தார். சிலிண்டரை 0.25 மில்லிமீட்டர் பெரிதாகக் கடைந்து, அதற்கேற்ற சற்றுப் பெரிய பிஸ்டனைப் பொருத்திக் கொடுத்தவர், கடைசியில் சாணைக்கல்லை உள்ளே சுழற்றியபடியே மேலும் கீழும் ஓட்டி, சுவர் முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறினார். பாய் முடைந்தது போன்ற அந்த மெல்லிய கீறல்களில்தான் எண்ணெய் தங்கும். முழுக்க வழவழப்பான சுவரில் எண்ணெய் நிற்க இடமில்லை. உலோகம் உலோகத்தைத் தின்னும். வழுக்கிக்கொண்டு ஓடுவதற்கே சொரசொரப்புத் தேவைப்படுகிறது.

பெட்ரோல் டாங்கி கப்சாயில் சீட்டுக்கு அடியில் இருக்கும். மூடியைத் திறந்ததும் பழைய வார்னிஷ் வாடை. உள்ளே செங்காவித் துரு. பாட்டி பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்ததில் உள்ள வேதியியலே இங்கும் உதவியது. புளியிலும் எலுமிச்சையிலும் உள்ள மென்மையான அமிலங்கள் உலோக ஆக்சைடுகளைக் கரைத்து, அந்த உலோக அணுக்களை நண்டு கொடுக்கால் பிடிப்பது போலப் பிடித்துத் தண்ணீரில் வைத்துக்கொள்ளும். நல்ல இரும்பையும் அவை தொடும், ஆனால் மெதுவாக. கடையில் பொடியாகக் கிடைக்கும் சிட்ரிக் அமிலத்தை வெந்நீரில் கரைத்து ஊற்றி, ஒரு துண்டுப் பழைய சங்கிலியையும் உள்ளே போட்டு, இரண்டு நாள் அவ்வப்போது குலுக்கினோம். வடித்தால் கடுங்காப்பி நிறம்; உள்ளே சாம்பல் நிற இரும்பு. ஆனால் சமையல் சோடா கரைத்த நீரால் கழுவி உடனே உலர்த்தாவிட்டால், இந்த ஊர்க் காற்றில் அரை மணி நேரத்தில் மறுபடி மஞ்சள் பூத்துவிடும். முதல் தடவை நாங்கள் சாப்பிடப் போய்விட்டு வந்தபோது அப்படித்தான் பூத்திருந்தது.

இனி கார்புரேட்டர். இந்த வண்டியில் எனக்கு ஆகப் பிடித்த பகுதி இது. பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு ஊட்டும் கலவைக் குடுவை. கைப்பிடிக்குள் அடங்கும் இந்தப் பொருளில் பம்பு இல்லை, மின்சாரம் இல்லை, கணினி இல்லை. நெடுஞ்சாலையில் பெரிய லோரி உரசிக்கொண்டு முந்தும்போது நம் மோட்டார் சைக்கிள் அதன் பக்கம் இழுபடுவதை ஜொகூரில் வண்டி ஓட்டும் எல்லாரும் அறிவார்கள். வேகமாக ஓடும் காற்றில் அழுத்தம் குறைகிறது. கார்புரேட்டரின் நடுவில் குழாயை இடுப்புப் போலக் குறுக்கியிருக்கிறார்கள். அங்கே வேகம் கூடும் காற்று, கீழே இருக்கும் கிண்ணத்திலிருந்து பெட்ரோலைத் தானே உறிஞ்சிப் புகையாகத் தெளிக்கிறது. கிண்ணத்தில் பெட்ரோல் மட்டம் ஏறாமல் பார்த்துக்கொள்வது ஒரு மிதவை. கழிவறைத் தொட்டியில் தண்ணீரை நிறுத்துகிறதே, அதன் தம்பி.

எவ்வளவு காற்று வேண்டும் தெரியுமா? ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய, எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலுக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று வருகிறது. 200 லிட்டர் டிரம்களில் நிரப்பினால் 45 டிரம். அந்த விகிதத்தைக் காப்பது பித்தளைத் திருகாணி ஒன்றில் துளைத்திருக்கும் ஓட்டை. ‘ஜெட்’ என்பார்கள். வண்டி நின்றபடி ஓடும்போது வேலை செய்யும் ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. பெட்ரோல் ஆவியான பின் மிஞ்சும் பிசின் அதை முழுதாக அடைத்திருந்தது. ஊசியால் குத்தலாமா என்று கேட்டேன். மாமா என் கையைத் தட்டிவிட்டார். காரணத்தைப் பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 0.35 மில்லிமீட்டர் துளையை எஃகு ஊசி 0.40 ஆக்கிவிட்டால் துளையின் பரப்பு 30 சதவீதம் கூடிவிடும். வண்டி காலமெல்லாம் கரும்புகை விடும். கரைப்பானில் ஊறவைத்து, மின்கம்பியிலிருந்து உரித்த ஒற்றைச் செம்பு இழையை நுழைத்து எடுத்தோம். செம்பு இழை மெலிது, மென்மையானது. பிசினை அள்ளும், துளையை அகட்டாது. துளையைக் கண்ணருகே பிடித்துச் சூரியனைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்தேன். ஒரு புள்ளி வெளிச்சம்.

பொறிக்கு வருவோம். பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. அது இல்லாமலே இந்த எஞ்சின் ஓடும். சுழலும் சக்கரத்துக்குள் பதித்திருக்கும் காந்தங்கள், செம்புக் கம்பிச் சுருளைக் கடந்து போகும்போது மின்னோட்டம் பிறக்கிறது. இத்தனை வருட மழைக்கும் வெயிலுக்கும் காந்தம் தன் வேலையை மறக்கவில்லை. அந்தச் சிறு மின்னோட்டம் பாயும் வழியில் ‘பாயின்ட்’ என்று இரண்டு குமிழ்கள் முத்தமிட்டபடி நிற்கின்றன. குறித்த நொடியில் ஒரு மேடு அவற்றைப் பிரிக்கிறது. ஓடிக்கொண்டிருந்த மின்னோட்டம் சட்டென்று அறுந்ததும், பக்கத்தில் ஆயிரக்கணக்கான சுற்றுகள் கொண்ட இன்னொரு சுருளில் 10,000 வோல்ட்டுக்கு மேல் எழும்புகிறது. மின்சாரத்தை நிறுத்துவதால் மின்சாரம் பெருகுகிறது! பாயின்ட் பிரியும் தூரம் 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர், ஐந்து முடித் தடிமன். பொறி தாண்டும் தூரமோ பிளக் முனையில் 0.6 முதல் 0.7. எங்கள் வண்டியில் பாயின்ட்டுகள் பச்சை பூத்து மூடியிருந்தன. மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து அளவு வைத்ததும், பிளக்கின் வாயில் நீலப்பொறி.

இதில் ஒரு ரகசியம் உண்டு. நான்கு வீச்சு எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் பொறி வேண்டும். சி70இல் ஒவ்வொரு சுற்றிலும் பொறி விழுகிறது. பாதிப் பொறிகள் எரிந்து முடிந்த புகையில் வீணாகின்றன. வேண்டாததைத் தடுக்கத் தனியே பல்சக்கரம் வைப்பதைவிட, வீணாக விடுவது எளிது என்று முடிவு செய்திருக்கிறார்கள். ஒரு பாகம் குறைந்தால் பழுதாக ஓர் இடம் குறைகிறது. எனக்கு இது மிகப் பெரிய புத்திசாலித்தனமாகப் படுகிறது.

கிளட்சிலும் அதே மூளை. ஜப்பானில் நூடுல்ஸ் கொண்டுபோய்க் கொடுக்கும் கடைப்பையன் ஒரு கையில் தட்டை ஏந்தியபடி மறு கையால் ஓட்ட வேண்டும் என்பது சூப்பர் கப்புக்கு வைத்த நிபந்தனைகளில் ஒன்று. எனவே இடக்கை கிளட்ச் பிடி கிடையாது. கிளட்சுக்குள் உருளைகள் இருக்கின்றன. த்ராட்டிலைத் திருகி வேகம் கூட்டினால், ராட்டினத்தில் நாம் வெளிப்பக்கம் தள்ளப்படுவது போல அவை வெளியே ஒதுங்கித் தட்டுகளை அழுத்திப் பிடிக்கின்றன. வேகம் தணிந்தால் பிடி தளர்கிறது. கியர் பெடலை மிதித்தால் அதே மிதி தட்டுகளை விலக்கியும் விடும். அங்கே நூடுல்ஸ் பையனுக்காக யோசித்தது, இங்கே தோட்டத்து லயங்களுக்கு ரொட்டி கொண்டுவந்தவருக்கு உதவியது. அவருடைய இடக்கை எப்போதும் ஹார்னில்தான் இருந்தது என்று மாமா சொல்வார்.

அந்தக் கிளட்சைத் திறந்தபோது இன்னொரு புதையல். அதன் வெளிமூடிக்குள் வட்டச் சுவரெங்கும் களிமண் போலக் கருஞ்சேறு அப்பியிருந்தது. எண்ணெயை வடிகட்டக் காகித வடிகட்டி எதுவும் இந்த எஞ்சினில் இல்லை. எண்ணெய் இந்தச் சுழலும் கிண்ணம் வழியாகப் போகிறது. அதே ராட்டின வித்தையால் கனமான அழுக்கும் உலோகத்தூளும் ஓரத்தில் ஒதுங்கித் தங்கிவிடுகின்றன. சுத்தமான எண்ணெய் நடுவழியே போகிறது. மாற்ற வேண்டிய வடிகட்டியே இல்லாமல் வடிகட்டல். விரலால் அந்தச் சேற்றை வழித்தெடுத்தபோது, மாமா ஓட்டிய அத்தனை வருடங்களின் தேய்மானமும் என் நகத்தில் இருந்தது.

சக்கரங்களுக்குப் புது பேரிங் போடும்போது வெந்நீர்க் கெண்டியும் ஐஸ் பெட்டியும் தேவைப்பட்டன. சக்கரத்தின் நடுக்குடம் அலுமினியம், பேரிங் எஃகு. சூடானால் அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரியும். துளை சுருங்கும் என்று பலரும் நினைப்பார்கள். விரிகிற உலோகத்தில் துளையும் சேர்ந்தே பெரிதாகும். 40 மில்லிமீட்டர் துளையில் கொதிநீரை ஊற்றி, பேரிங்கை உறைபெட்டியில் ஓரிரவு வைத்திருந்தால் இரண்டுக்கும் நடுவே கூடுதலாக 0.08 மில்லிமீட்டர் கிடைக்கிறது. ஒரு முடித் தடிமன்! அது போதும். சுத்தியல் தட்டாமல் ‘டொக்’ என்று பேரிங் உட்கார்ந்தது. ஒரு நிமிடத்தில் இரண்டும் ஒரே சூட்டுக்கு வந்து இறுகிக்கொண்டன.

குரோம் பளபளப்பை மீட்க முடியவில்லை. மேலே தெரியும் குரோம் ஒரு மைக்ரானுக்கும் குறைவு, அதாவது முடியில் நூறில் ஒரு பங்குக்கு அருகில்; உண்மையில் காப்பது அதன் கீழே இருக்கும் நிக்கல். அதுவும் உரிந்துவிட்டால் தேய்த்துப் பயனில்லை. கைப்பிடித் தண்டின் புள்ளிகளை அப்படியே விட்டுவிட்டோம். சட்டத்துக்கு வண்ணம் அடிக்கும்போது மட்டும் எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் பொறித்த இடங்களில் உப்புத்தாள் படாமல் பார்த்துக்கொண்டேன். வண்டியின் பதிவுப் பத்திரமான கெரானில் உள்ள எண்ணோடு அவை ஒத்துப்போகாவிட்டால், எவ்வளவு அழகாக ஓடினாலும் சாலைப் போக்குவரத்து இலாகாவின் முன் அது வேறு வண்டி.

கடைசி இடைவெளிதான் நாங்கள் கையால் அளந்து வைத்தவற்றில் சிறியது. வால்வைத் தள்ளும் கைக்கும் வால்வின் தலைக்கும் நடுவே, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது 0.05 மில்லிமீட்டர் விட வேண்டும். அச்சடிக்கும் வெள்ளைத்தாளின் தடிமனில் பாதி. எஞ்சின் சூடானால் வால்வு நீளும். இந்த இடம் இல்லாவிட்டால் வால்வு முழுதாக மூடாது. நெருப்பு அந்தச் சந்து வழியே பீறிட்டு வால்வின் விளிம்பையே எரிக்கும். அதிகம் விட்டாலோ ‘டக் டக்’ என்று தட்டும். இடைவெளி அளக்கும் எஃகுத் தகடைச் செருகி, மாமா என் விரலைப் பிடித்து இழுக்கச் சொன்னார். தகடு சும்மா வரக்கூடாது, சிக்கவும் கூடாது. வெண்ணெயிலிருந்து கத்தியை உருவுவது போல ஓர் இழுப்பு. மூன்று தடவை திருகி, மூன்று தடவை இறுக்கி, நான்காவதில் அந்த இழுப்பு கிடைத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. சோக்கை மூடி, மாமா மிதித்தார். ஒன்று, இரண்டு. ஏழாவது மிதியில் ஒரு தும்மல். ஒன்பதாவதில் பிடித்துக்கொண்டது, இந்த முறை நல்ல பிடிப்பு. சோக்கைத் திறந்ததும் ‘டுப்டுப்டுப்’ என்ற அந்தச் சத்தம் போர்ச் முழுக்க நிறைந்தது. அத்தை அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்து நின்றார். ஒன்றும் பேசவில்லை.

சில நூறு கிலோமீட்டர் மெதுவாக ஓட்டிய பின் எண்ணெயை மாற்றினோம். பழைய தகரத் தட்டில் வடித்து வெயிலில் வைத்தால், பொன்னிற எண்ணெய்க்குள் வெள்ளி மினுமினுப்பு. லேத்தில் கீறிய அந்தப் பாய்முடைச்சலின் கூர்முனைகளைப் பிஸ்டன் வளையங்கள் சீவிக்கொண்டிருக்கின்றன. வளையமும் சுவரும் ஒன்றுக்கொன்று எவ்வளவு இடம் விட வேண்டும் என்ற கடைசி அளவை எந்தக் கருவியும் வெட்டித் தர முடியாது. அதை எஞ்சின் ஓடி ஓடித் தானே செதுக்கிக்கொள்கிறது. மாமா தட்டை ஒரு பக்கம் சாய்த்து, மினுங்கும் தூளைக் கட்டைவிரலால் தொட்டு, ஆள்காட்டி விரலோடு சேர்த்து உரசிப் பார்த்தார்.

“இன்னும் கொஞ்சம் சீவ வேண்டியிருக்கு” என்றார்.